தட்டு அக்காவின் நாக்கு

கரண்டி நுனியில் எடுத்ததை நாக்கில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டான் பச்சை. வழவழப்பாக இருந்தது. குளிர்ச்சியாக இருந்தது. அவ்வளவுதான். தேன் ஊற்றியதற்கு இனிப்பு இல்லை, வினிகர் ஊற்றியதற்குப் புளிப்பு இல்லை. கடுகு விழுது சுரீரென்று மூக்கில் ஏற வேண்டிய இடத்தில், ஒரு மெல்லிய குறுகுறுப்பு மட்டும் எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. சுவரை நக்கியிருந்தால்கூட இதைவிட ஏதாவது தெரிந்திருக்கும்.

இன்றோடு பத்தொன்பது நாள்.

அந்தப் பெரிய அலுவலகக் கட்டடத்தின் தரைத்தளச் சமையலறையில் சாலட் பகுதி அவனுடையது. பன்னிரண்டு வருடமாக இலைகளோடும் வெள்ளரிக்காயோடும் குடித்தனம் நடத்துகிறவன் என்பதால், யாரோ ஒருநாள் விளையாட்டாகப் ‘பச்சை’ என்று கூப்பிட, பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு நின்றுபோனது. மேலே எட்டு மாடிகளில் வேலை செய்கிற முந்நூறு பேர் மதியம் இறங்கிவந்து சாப்பிடுவார்கள். சாலட் என்றாலே முகம் சுளிக்கிறவர்களையும் வரிசையில் நிற்க வைத்தது, இலைமேல் ஊற்ற அவன் செய்யும் தேன் கடுகு டிரெஸ்ஸிங். அதில் பெரிய வித்தை எதுவும் கிடையாது. கடுகு விழுது ஒரு பங்கு, தேன் ஒரு பங்கு, வினிகர் ஒரு பங்கு, எண்ணெய் ஒன்றேகால் பங்கு, உப்பு, மிளகுத்தூள். பாட்டிலில் போட்டு, மூடி, நன்றாகக் குலுக்கினால் முடிந்தது வேலை. கேட்கிறவர்களுக்கெல்லாம் ஒளிக்காமல் சொல்லிவிடுவான். அவர்களும் வீட்டில் செய்து பார்த்துவிட்டு வந்து, “உங்களுது மாதிரி வரலையே” என்பார்கள். ஒரு தேனைப்போல இன்னொரு தேன் இனிப்பதில்லை. நேற்றுத் திறந்த கடுகு விழுதின் காரம் இன்று திறந்ததில் இருப்பதில்லை. அளவு பாதி தூரம்தான் கூட்டிக்கொண்டு போகும். மீதி தூரத்தை நாக்குதான் நடந்து கடக்க வேண்டும்.

அந்த நாக்குதான் இப்போது படுத்துவிட்டது.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு காய்ச்சல் வந்தது. நான்கு நாள் இருந்தது. விருந்துக்கு வந்தவன் போகும்போது வெள்ளிக் கிண்ணத்தை மடியில் கட்டிக்கொண்டு போனதுபோல, அது போகும்போது அவனுடைய மோப்பத்தையும் ருசியையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டது. நாளைக்குத் திரும்பிவிடும், நாளைக்குத் திரும்பிவிடும் என்று நாளை எண்ணியே பத்தொன்பது நாளை ஓட்டிவிட்டான். வீட்டிலும் சொல்லவில்லை. மனைவி வைத்ததையெல்லாம் பிரமாதம், பிரமாதம் என்று சாப்பிட்டான். அதில் அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. “கல்யாணமாகிப் பதினாலு வருஷத்துல ஒரு வாரம் முழுக்க நீங்க என் சமையலைப் பாராட்டினது இதுதான் முதல் தடவை. என்ன தப்பு பண்ணிட்டு வந்திருக்கீங்க?” என்று கேட்டாள். அவன் சிரித்துச் சமாளித்தான்.

யாரிடமும் வாய் திறக்காததற்குக் காரணம் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் சூப் பகுதியில் ஒருவர் இருந்தார். அவருக்கும் இப்படித்தான் மோப்பம் போனது. மறைத்து வைத்திருந்தார். விஷயம் வெளியே வந்ததும் பொட்டலம் கட்டும் வேலைக்கு மாற்றினார்கள். அங்கிருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். இப்போது சந்தையில் மூட்டை தூக்குகிறார். போன மழைக்காலத்தில் ஒருநாள் பச்சை அவரை அங்கே எதிரே கண்டபோது, அவர் பார்க்காததுபோலத் தலையைக் குனிந்துகொண்டு போனார். அந்தக் குனிந்த தலை பத்தொன்பது நாளாக இவன் கண்ணை விட்டு இறங்கவில்லை.

இத்தனை நாள் மாட்டிக்கொள்ளாமல் இருந்தது கரண்டி சார் இல்லாததால்தான். சமையலறை மேலாளரை அங்கே எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். மற்றவர்கள் சட்டைப் பையில் பேனா வைக்கிற இடத்தில் அவர் ஒரு சின்னக் கரண்டி வைத்திருப்பார். தினமும் பதினொன்றரைக்கு ஒவ்வொரு பாத்திரமாக ருசி பார்த்த பிறகுதான் எதுவும் வெளியே போகும். மூட்டு அறுவை சிகிச்சைக்காக மூன்று வாரம் விடுப்பில் போயிருந்தார். பொறுப்பில் இருந்தவருக்கு வயிற்றுப்புண். எதையும் தொட்டு நாக்கில் வைக்க மாட்டார். “எல்லாம் சரியாத்தானே இருக்கு?” என்று தூரத்திலிருந்தே கேட்பார். “சரியா இருக்கு சார்.” அதோடு முடிந்தது.

இன்று காலை கரண்டி சார் திரும்பிவிட்டார். கையில் ஊன்றுகோல், பையில் கரண்டி. வாசலில் நுழையும்போதே, “பச்சை, ஆஸ்பத்திரி சாப்பாட்டைத் தின்னு என் நாக்கு செத்துப்போச்சு. இன்னிக்கு உன் தேன் கடுகுலதான் அதுக்கு உயிர் வரணும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

பச்சை மேசைக்கு ஓடினான்.

ஆறு லிட்டர் டிரெஸ்ஸிங் தயாராகிப் பெரிய கிண்ணத்தில் இருந்தது. எடை பார்த்து, அளவு பார்த்துச் செய்ததுதான். ஆனாலும் மனம் ஒப்பவில்லை. வழக்கம்போல ஒரு கரண்டியை எடுத்துக்கொண்டு பாத்திரம் கழுவும் பக்கம் போனான்.

“அக்கா, ஒரு வாய்.”

தட்டு அக்கா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். அந்தச் சமையலறையில் தட்டு கழுவுகிறவள் அவள். வயது நாற்பத்தைந்து இருக்கும். யாரைப் பற்றியும் யாரிடமும் பேசாதவள். அதனால்தான் காய்ச்சலிலிருந்து வந்த நாள் முதல், மற்ற சமையல்காரர்களிடம் நீட்டாமல் அவளிடம் நீட்டினான். அவளுடைய நாக்குதான் பத்தொன்பது நாளாக அவனுக்கு ஊன்றுகோல்.

“நல்லா இருக்கு தம்பி” என்றாள்.

தினமும் அதைக் கேட்டதும் நிம்மதியாகத் திரும்பிவிடுவான். இன்று பயம் அவனை அங்கேயே நிற்க வைத்தது. அக்கா குழாயைத் திறந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தாள். இன்னொரு டம்ளர் குடித்தாள். அவன் போய்விட்டான் என்று நினைத்து, புறங்கையால் நாக்கைத் துடைத்துக்கொண்டாள்.

“அக்கா.”

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள்.

“உண்மையைச் சொல்லுங்க. எப்படி இருக்கு?”

“அதான் சொன்னேனே. நல்லா இருக்கு.”

“அப்புறம் எதுக்கு ரெண்டு டம்ளர் தண்ணி?”

“தாகம் தம்பி.”

“நாக்கைத் துடைச்சீங்களே, அதுவும் தாகமா?”

அக்கா ஒரு தட்டை எடுத்துத் தேய்க்கத் தொடங்கினாள். அது ஏற்கெனவே கழுவி வைத்த தட்டு. “நான் சாப்பாட்டைக் குறை சொல்றதில்ல தம்பி. யார் குடுத்தாலும், எது குடுத்தாலும். ஒரு காலத்துல நானும் என் பொண்ணும் ரெண்டு நாள் வெறும் தண்ணியைக் குடிச்சிட்டுப் படுத்திருக்கோம். மூணாவது நாள் யாரோ ஒரு அம்மா, முகம்கூட எனக்கு ஞாபகம் இல்ல, காஞ்ச ரொட்டி ரெண்டு குடுத்தாங்க. அன்னிக்கு மேல இருக்கிறவர்கிட்ட ஒரு வார்த்தை குடுத்தேன். இனிமே என் வாயால எந்தச் சாப்பாட்டையும் நல்லா இல்லன்னு சொல்ல மாட்டேன்னு. இருபது வருஷமாச்சு. மீறினதில்ல.”

கிணறு வெட்டிய இடத்தில் பாறைதான் என்று பத்தொன்பது நாள் கழித்துத் தெரிந்தால் எப்படி இருக்கும்?

“நான் உங்க நாக்கை நம்பித்தானே அக்கா தினமும் வெளிய அனுப்பிக்கிட்டு இருந்தேன்!”

“என் நாக்கையா? உன் நாக்கு என்ன ஆச்சு?”

அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். யாரும் இல்லை. கொதிகலனின் இரைச்சல் மட்டும் கேட்டது. மனைவியிடமும் சொல்லாததை அவளிடம் சொன்னான். காய்ச்சலை, சுவர்போல ஆகிவிட்ட நாக்கை, தினமும் காலையில் எழுந்ததும் சோப்பை முகர்ந்து முகர்ந்து பார்ப்பதை, எல்லாவற்றையும் சொன்னான். அக்கா தட்டைக் கீழே வைத்தாள்.

“ஐயோ தம்பி! வேலை செய்றவளாச்சேன்னு நீ அன்பா ஒரு வாய் குடுக்கிறேன்னுல்ல நான் நினைச்சேன்! வீட்டுக்குப் போய் என் பொண்ணுகிட்ட வேற சொன்னேன், அந்தத் தம்பி மாதிரி தங்கமான மனுஷன் உண்டான்னு.”

அழுவதா சிரிப்பதா என்று அவனுக்குத் தெரியவில்லை. “சரி, இப்பவாவது சொல்லுங்க அக்கா. இன்னிக்கு எப்படி இருக்கு?”

அவள் உதட்டை மடித்து உள்ளே இழுத்துக்கொண்டாள். கண் கலங்கியது. கொடுத்த வார்த்தை ஒரு பக்கம், எதிரே நிற்கிற மனிதன் ஒரு பக்கம். ஏழையின் விரதத்தை உடைத்துத்தான் தன் பிழைப்பு நடக்க வேண்டுமா என்று அந்த அவசரத்திலும் பச்சைக்குத் தோன்றியது. அவன் நல்லவன். வேறு வழியாகக் கேட்டான்.

“சரி, அதை விடுங்க. இதுல ஒரு கிண்ணம் எடுத்துத் தரேன். உங்க பொண்ணுக்குக் கொண்டு போறீங்களா?”

“வேண்டாம் தம்பி” என்றாள் அக்கா. அவன் கேட்டு முடிப்பதற்குள் சொல்லிவிட்டாள்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“முதல் வாரம் தட்டெல்லாம் எப்பவும் போலத்தான் வந்துச்சு” என்றாள் அவள் மெதுவாக. “போன வாரத்துலேருந்து இலை இலையா திரும்பி வருது. நேத்து பாதிக்குப் பாதி. டிரெஸ்ஸிங்கை வழிச்சு ஓரமா ஒதுக்கிட்டு, மத்ததைத் தின்னுட்டுப் போறாங்க. யாரு கண்ணுலயும் படக்கூடாதுன்னு நான்தான் அதைக் குப்பைத் தொட்டியில எலும்புக்கும் தோலுக்கும் கீழ போட்டு மூடினேன். உனக்குக் கெட்ட பேரு வந்துடக்கூடாதேன்னு.”

இரக்கப்பட்டுத்தான் செய்தாள். ஆனால் அவள் மூடி மறைத்த ஒவ்வொரு இலையும் அவனுக்கு வந்திருக்க வேண்டிய கடிதம். அவனுக்காகவே அதை அவனிடமிருந்து மறைத்துவிட்டாள். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் நல்லது நினைத்தே முந்நூறு பேருக்குப் பத்து நாளாகக் கெட்டதைப் போட்டிருக்கிறார்கள்.

கடிகாரம் பத்து ஐம்பதைக் காட்டியது. கரண்டி சார் வர நாற்பது நிமிடம்.

“அக்கா, உங்க வார்த்தை உங்களோட இருக்கட்டும்” என்றான் பச்சை. “ஒண்ணே ஒண்ணு பண்ணுங்க. நல்லா இருந்தா மட்டும் நல்லா இருக்குன்னு சொல்லுங்க. இல்லேன்னா வாயே திறக்காதீங்க. அது குறை சொன்னதாகாதுல்ல?”

அக்கா யோசித்தாள். மேலே ஒருமுறை பார்த்தாள், அனுமதி கேட்பதுபோல. “ஆகாது” என்றாள்.

சாலட் மேசைக்கு வந்தார்கள். அக்கா அந்தப் பக்கம் வருவதே வழக்கமில்லை. யாராவது பார்த்துவிடுவார்களோ என்று பச்சைக்கு முதுகெல்லாம் கண்ணாக இருந்தது. கடுகு விழுதை நீட்டினான். அவள் கண்ணில் நீர் வர, “நல்லா இருக்கு” என்றாள். தேனை நீட்டினான். “ரொம்ப நல்லா இருக்கு. இன்னும் ஒரு சொட்டு குடேன்.” வினிகரை முகர்ந்துவிட்டு இருமினாள். “இதுக்கு என்னன்னு சொல்றது? வினிகர் வினிகராத்தான் இருக்கு.” கடைசியாக எண்ணெய் டின்னை அவள் பக்கம் சாய்த்தான்.

அக்கா குனிந்தாள். நிமிர்ந்தாள். உதட்டை இறுக்க மூடிக்கொண்டு கூரையைப் பார்த்தாள்.

பச்சை டின்னைத் தொட்டுப் பார்த்தான். வெதுவெதுப்பாக இருந்தது. அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. காய்ச்சல் விட்டு வந்த முதல் நாள் உடம்பெல்லாம் ஒரே குளிர். மேசையை ரொட்டி அடுப்பின் சுவரோரமாகத் தள்ளிப் போட்டுக்கொண்டான். டின்னும் கூடவே வந்து அந்தச் சுவரில் சாய்ந்து நின்றது, மூடி சரியாக மூடாமல். எண்ணெய் தீரத் தீரப் புது டின்னைக் கொண்டுவந்து பழையதிலேயே ஊற்றி நிரப்புவது அவன் வழக்கம். ஊற்றுகிற மூக்கு அந்தப் பழைய டின்னில்தான் வாட்டமாக இருக்கும். சூட்டிலேயே கிடந்து அடியில் இருந்தது சிக்கு வாடை பிடித்திருக்கிறது. மேலே ஊற்றிய நல்ல எண்ணெயையும் அது ஒவ்வொரு முறையும் கெடுத்திருக்கிறது. மோப்பம் உள்ளவன் டின்னை ஒருமுறை சாய்த்திருந்தாலே தெரிந்திருக்கும்.

அவன் ஸ்டோருக்கு ஓடினான். ஸ்டோர்காரர் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது. வைத்திருந்த கடை மூடிப்போய், ஐம்பது வயதுக்கு மேல் இந்த வேலைக்கு வந்தவர். “முந்தாநாள்தானேப்பா ஒண்ணு வாங்கினே? எண்ணெயை ஊத்துறியா, குடிக்கிறியா?” என்று சிரித்துக்கொண்டே புது டின்னை எடுத்துக் கொடுத்தார். அக்கா அதை முகர்ந்து, “நல்லா இருக்கு” என்றாள். அந்த இரண்டு சொல்லின் அருமை அன்றைக்குத்தான் அவனுக்குத் தெரிந்தது.

முதலில் ஒரு பாட்டிலில் கொஞ்சமாகச் செய்தான். கரண்டியை நீட்டினான்.

அக்கா வாய் திறக்கவில்லை.

தேன் கொஞ்சம் சேர்த்தான். குலுக்கினான். அவள் ருசித்தாள். வாய் திறக்கவில்லை. வினிகர் அரைக்கரண்டி. அவள் முகம் லேசாக இளகியது, “நல்...” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள்.

“என்னக்கா? என்ன?”

கூரை.

பதினொன்று பத்து. உப்பா? மிளகா? ஒரு சிட்டிகை உப்பைப் போட்டு, கடவுளே என்று குலுக்கினான். அக்கா நாக்கில் வைத்தாள். ஒரு நொடி ஒன்றும் இல்லை. பிறகு அவள் கரண்டியின் முதுகையும் நக்கினாள்.

“நல்லா இருக்கு தம்பி!”

அதே அளவில் ஆறு லிட்டரையும் மூடி போட்ட பெரிய கேனில் செய்து, இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் குலுக்கினார்கள். வேர்த்து ஊற்றியது. பழைய கிண்ணத்தைக் கொட்ட நேரமில்லை. மேசை ஓரமாக ஒதுக்கி வைத்தான். அக்கா தன் இடத்துக்குத் திரும்ப ஓர் அடி எடுத்து வைத்தபோது, டொக், டொக் என்று ஊன்றுகோல் சத்தம் கேட்டது. கரண்டி சார் எப்போதும் சொன்ன நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்னாலேயே வருகிறவர்.

வந்தவர் நேரே ஓரத்தில் இருந்த கிண்ணத்தில் கரண்டியைப் போட்டார்.

“சார், அது இல்ல...”

சொல்வதற்குள் வாயில் வைத்துவிட்டார். அடுத்த கணம் தொட்டியைப் பார்த்து ஓடி, அந்த மூட்டோடு எப்படி ஓடினாரோ, துப்பிவிட்டு வாயைக் கொப்பளித்தார். “என்னடா இது! விளக்கெரிக்கிற எண்ணெயா?”

பச்சை கேனைக் காட்டினான். அவர் சந்தேகத்தோடு கரண்டி நுனியில் தொட்டு வைத்தார். முகம் மலர்ந்தது. இன்னொரு கரண்டி எடுத்தார்.

“இது! இதுதான்! அப்போ எண்ணெய் கெட்டுப்போனதைக் கண்டுபிடிச்சு, முழுசையும் ஒதுக்கிட்டு மறுபடி செஞ்சிருக்கே. பச்சை, அதுக்குப் பேருதான் நாக்கு! இந்த மொத்தக் கட்டடத்துலயும் உனக்கு மட்டும்தான்டா அது இருக்கு.” பிறகு டின்னை முகர்ந்தார். முகம் சிவந்தது. “ஸ்டோர்காரரைக் கூப்பிடு. மூணு மாசம்கூட ஆகல, அதுக்குள்ள பழைய சரக்கைத் தள்ள ஆரம்பிச்சாச்சா? இன்னியோட கணக்கை முடிச்சிடறேன்.”

யாரோ போய் அழைத்துவர, ஸ்டோர்காரர் சாவிக்கொத்தோடு வந்து நின்றார். டின்னைப் பார்த்தார். விஷயம் புரிந்ததும் அவர் முகத்தில் இருந்த சிரிப்பு ஒவ்வொரு சுருக்கமாக இறங்கியது. “சார், நான் குடுத்தது புதுசு சார்... தேதி பார்த்துத்தான் சார்...” என்றார். தலையைக் குனிந்துகொண்டார்.

அந்தக் குனிந்த தலையைப் பச்சை பார்த்தான். முன்பு சந்தையில் பார்த்த அதே தலை.

சும்மா இருந்தால் போதும். வாயைத் திறக்க வேண்டாம். பாராட்டு கிடைத்துவிட்டது, வேலை பிழைத்துவிட்டது. அவன் மகளின் படிப்பு, வீட்டு வாடகை, எல்லாம் அந்த மௌனத்தின் பின்னால் பத்திரமாக நின்றன. அக்கா எதுவும் சொல்ல மாட்டாள் என்பதும் தெரியும். அவள் பக்கம் திரும்பினான். அவள் கூரையைப் பார்க்கவில்லை, அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சார், அவர் குடுத்தது நல்ல எண்ணெய்தான். கெடுத்தது நான்.”

கரண்டி சார் திரும்பினார்.

“அடுப்புச் சுவர்ல சாத்தி வச்சேன். மூடல. புதுசைப் பழசுலயே ஊத்தினேன். பத்து நாளா கெட்டதைத்தான் போட்டுக்கிட்டு இருந்தேன். எனக்குத் தெரியல சார். எனக்கு மோப்பம் இல்ல. நாக்கும் இல்ல. பத்தொன்பது நாளாச்சு.”

சமையலறை முழுவதும் கரண்டிச் சத்தம் நின்றுபோனது.

“அப்போ இன்னிக்கு இதைக் கண்டுபிடிச்சது யாரு?”

“நான்தான் சார்” என்று அக்கா முன்னால் வந்தாள். “உள்ள வந்தது என் தப்புதான். தம்பியைத் திட்டாதீங்க.”

கரண்டி சார் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஸ்டோர்காரரிடம், “நீங்க போங்க. மன்னிச்சுக்கோங்க” என்றார். பச்சையிடம் மட்டும் குரலைத் தாழ்த்தினார். “சாப்பாட்டு நேரம் முடியட்டும். மூணு மணிக்கு என் ரூமுக்கு வா.”

தாழ்ந்த குரல் திட்டைவிடப் பயமாக இருந்தது.

பன்னிரண்டரை முதல் இரண்டரை வரை பச்சை எப்படி நின்றான் என்று அவனுக்கே தெரியாது. கை பாட்டுக்கு இலையை அள்ளி வைத்தது. வரிசையில் வந்த ஒரு பெண், “இன்னிக்கு அந்த டிரெஸ்ஸிங் வேண்டாங்க, வெறும் இலை போதும்” என்றாள். அவனுக்குச் செருப்பால் அடித்ததுபோல இருந்தது. “இன்னிக்கு மட்டும் ஓரமா ஒரு கரண்டி வச்சுப் பாருங்கம்மா. பிடிக்கலேன்னா விட்டுடுங்க” என்றான். அவள் தயங்கி, சரி என்றாள். அதுவே பெரிய தயவாக இருந்தது. இடையில் ஸ்டோர்காரர் வந்து, ஒரு டம்ளர் தண்ணீரை அவன் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

மூன்று மணிக்குக் கதவைத் தட்டினான். கரண்டி சார் காலை ஒரு முக்காலியில் நீட்டி வைத்திருந்தார்.

“கேஸ் கசிஞ்சிருந்தா?” என்றார் எடுத்த எடுப்பில். “மீன் கெட்டிருந்தா? முந்நூறு பேரு. யோசிச்சியா?”

“யோசிச்சேன் சார். யோசிச்சு யோசிச்சு ராத்திரி தூக்கமே போச்சு. ஆனா வந்து சொல்ல தைரியம் வரல. சூப்காரர் ஞாபகம்...”

பச்சை தரையின் ஓடுகளை எண்ணினான். பதினான்கு வரை வந்தான்.

“அவனை அனுப்பினது நான்தான்” என்றார் அவர். “அவன் சொல்லல. நானும் என்னாச்சுன்னு கேட்கல. ஒருத்தன் வந்து போட்டுக்குடுத்தான், நான் கோபத்துல அனுப்பிட்டேன். அது சரியான்னு இந்தக் காலை நீட்டிப் படுத்திருந்த மூணு வாரமும் யோசிச்சேன். எனக்கு வேற வேலை இல்ல பாரு.” ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்தார். “நீ வாயை மூடிக்கிட்டு நின்னிருந்தா, இன்னிக்கு நான் இன்னொருத்தரையும் அதே மாதிரி அனுப்பியிருப்பேன்.”

பச்சை நிமிர்ந்து பார்த்தான்.

“நாளைக்குக் காலையில முதல்ல டாக்டர்கிட்ட போ. மோப்பம் வர்ற வரைக்கும் அடுப்புப் பக்கம் தனியா நிக்கக் கூடாது. காய் நறுக்கு, இலை கழுவு. டிரெஸ்ஸிங் கலக்கும்போது அந்த அம்மா உன்கூட நிக்கட்டும். தினம் அரைமணி நேரம். தட்டு கழுவ அந்த நேரத்துக்கு வேற ஆளைப் போடறேன்.”

“வராமலே போயிட்டா சார்?” கேட்க நினைக்காத கேள்வி தானாகவே வந்துவிட்டது.

“அது எனக்குத் தெரியாது” என்றார் கரண்டி சார். “வரலேன்னா அப்போ ரெண்டு பேரும் உட்கார்ந்து பேசுவோம். இப்ப வீட்டுக்குப் போய் உன் பொண்டாட்டிகிட்ட சொல்லு. என்கிட்ட சொன்னதைவிட அதுதான் கஷ்டம்.”

மறுநாள் டாக்டரும் நிச்சயமாக எதையும் சொல்லவில்லை. சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும், பொறுத்திருங்கள் என்றார். பச்சை நெஞ்சில் பாதி பாரத்தோடு வந்து ஏப்ரனைக் கட்டிக்கொண்டான். பதினொரு மணிக்கு அக்கா கையைக் கழுவிக்கொண்டு சாலட் மேசைக்கு வந்தாள், இந்த முறை யாருக்கும் ஒளியாமல். கரண்டி சாரும் வேடிக்கை பார்க்க வந்து, ஒரு காலிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்.

பச்சை பாட்டிலைக் குலுக்கி, கரண்டியை நீட்டினான். அக்கா ருசித்தாள். உதட்டை மூடிக்கொண்டாள்.

“என்னம்மா?” என்றார் கரண்டி சார். “உப்பா? புளிப்பா?”

அக்கா கூரையைப் பார்த்தாள்.

“ஏம்மா, கேட்கிறேன்ல? இன்னிக்கு மௌன விரதமா? பச்சை, இவங்க ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறாங்களே!”

“சொல்லிட்டாங்க சார்” என்றான் பச்சை, தேன் பாட்டிலின் மூடியைத் திருகியபடி. “எது குறையுதுன்னுதான் சொல்லல. முதல்ல தேனைப் போட்டுப் பார்ப்போம்.”